பொதிகையில் பிறந்த பொருநை

குழந்தைகளே! தேசப் படத்தை எடுத்து இந்தியாவின் தென்கோடியைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை கன்னியாகுமரியை நெருங்கும் இடத்தில் பொதிகை மலை இருக்கிறது. அதன் சிகரத்துக்கு அகஸ்தியர் கூடம் என்று பெயர். உயரம் 1,868 மீட்டர். தமிழ் வளர்த்த அகஸ்திய முனிவர் வாசம் செய்ததாகப் பாட்டி கதை சொல்வாளே, அந்த மலைதான்.

இந்த மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறாகிக் கேரளத்தின் வழியே அரபிக் கடலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அருகருகே விழுந்த இரண்டு துளிகள் இரண்டு கடல்களுக்குப் பிரயாணம் போவது வேடிக்கை அல்லவா? தாமிரபரணியைப் பழந்தமிழர் பொருநை என்றார்கள்.

இதன் நீளம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். கோதாவரிக்கு முன்னால் இது ஒரு குழந்தை. ஆனாலும் ஜீவநதி என்று பெயர் வாங்கியிருக்கிறது. கங்கைக்கு இமயமலையின் பனி உருகி வருகிறது. பொதிகையில் பனிக்கட்டி ஏது? பின்னே கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் இம்மலையை நனைக்கின்றன. இரண்டாவது, காடு. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அம்மாவிடம் கேட்டு ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, ஒரு டம்ளர் ஜலத்தை ஊற்றுங்கள். நொடியில் ஓடிவிடும். பலகையின்மேல் தடித்த துண்டை விரித்து மறுபடி ஊற்றுங்கள். துண்டு நீரைக் குடித்துக்கொண்டு, வெகு நேரம் சொட்டுச் சொட்டாக விடும். பொதிகையின் சோலைக் காடும், புல்வெளியும், மக்கிய இலைகளும் அந்தத் துண்டின் வேலையைத்தான் செய்கின்றன. 1988-ல் இக்காட்டின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. புலிக்குக் கிடைத்த காவல் ஆற்றுக்கும் காவல்தான்.

இனி ஆற்றோடு நடப்போம். மலையில் பாணதீர்த்த அருவியாகக் குதித்துக் காரையாறு அணையில் தங்குகிறது. சேர்வலாறு வந்து சேருகிறது. விழும் வேகத்தில் மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டதும் ஆறு நிதானமாகிறது. மணிமுத்தாறும் கடனா நதியும் வந்து கலக்கின்றன. குற்றாலத்தில் அருவியாக விழுந்த சிற்றாறு சீவலப்பேரியில் சேருகிறது.

வழிநெடுக எட்டு அணைக்கட்டுகள் நீரைக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பழைய பாலம் ஒன்று உண்டு. 1843-ல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டியது. அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

எட்டாவது அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கிழக்கே கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். இன்று அங்கே கடல் இல்லை! ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. புன்னைக்காயல் அருகேதான் இப்போது சங்கமம்.

சாதுவான இந்த ஆறு கோபமும் கொள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு ஊர்களைச் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தவித்தார்கள். தங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்க, பக்கத்துக் கிராமத்தார் சோறாக்கி அவர்களின் பசியை ஆற்றினார்கள்.

ஆறு நமக்கு இவ்வளவு செய்கிறது. நாமோ நகரத்துச் சாக்கடையை அதில் விடுகிறோம். பாபநாசத்தில் முழுகி எழுவோர் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அது கல்லிடுக்கில் சிக்கி அழுகி, மீனையும் நீரையும் கெடுக்கிறது. அதே நீரைத்தான் கீழே உள்ள ஊர்களில் குடத்தில் பிடித்துக் குடிக்கிறார்கள். தாய்மார்களே, அடுத்த முறை பாபநாசம் போகும்போது, ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு வர ஒரு பையும் எடுத்துப் போங்கள். அதைத் தூக்கிக்கொண்டு வரும் பொறுப்பைக் குழந்தைகளிடம் கொடுங்கள்.