நம் ஊரை நாம் பார்த்திருக்கிறோமா?



பங்குத் திருவிழாவை ஒட்டி மறைக்கல்வி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி வைப்பது நம் வழக்கம். 'உங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். இரண்டு மலைகள், நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை. இராமநாதபுரம் கடற்கரையில் மலை ஏது? வாசலுக்கு எதிரே வள்ளம் நிற்கிறது, பின்னால் பனங்காடு இருக்கிறது. ஆனால் அவை படத்தில் வருவதில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை. பார்க்க நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் மதுரை ஓவியர் மனோகர் தேவதாஸ் அவர்களை நினைக்கிறேன். 1936-இல் மதுரையில் பிறந்தவர். நம் சேதுபதி மன்னர்களின் பெயரைத் தாங்கிய பள்ளியில் படித்து, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார். அங்கு வாழ்ந்தாலும் அவர் மனம் மதுரையை விட்டுப் போகவில்லை. யானைமலை, மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், தெப்பக்குளம், தம் சிறுவயதுத் தெருக்கள் ஆகியவற்றைப் பேனாவாலும் கறுப்பு மையாலும் வரைந்தார்.

மைக்கோட்டை அழிக்க முடியாது. வெள்ளை நிறமும் கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கே கோடு போடக்கூடாது என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அதற்கு வெகுநேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்த கண்களுக்கே சோதனை வந்தது. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்னும் விழித்திரை நோய் அவரைப் பற்றியது. இந்நோயில் முதலில் இரவுப் பார்வை குறையும். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடும். 1972-இல் நேர்ந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமா, தோள்களுக்குக் கீழே செயலிழந்தார். ஆயினும் இருவரும் முடங்கிவிடவில்லை. கணவர் வரைந்தார், மனைவி அப்படங்களுக்கு விளக்கம் எழுதினார். அவை வாழ்த்து அட்டைகளாகி அறப்பணிகளுக்கு உதவின. 2008-இல் மஹிமா மறைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மனோகர் தேவதாஸ் 2022 டிசம்பரில் காலமானார்.

பார்வை குறையக் குறைய அவர் எப்படி வரைந்தார்? கண் இருந்தபோது ஊரை அன்போடு பார்த்து உள்ளே சேர்த்து வைத்திருந்தார். நமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனால் நாம் எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம்?

நம் கடற்கரை நாளுக்கு நாள் மாறுகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியில் பவளப்பாறைக் கற்களால் கட்டிய ஆலயத்தின் சுவர்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. சுற்றுலா வருவோர் அதன்முன் நின்று படம் எடுத்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அடித்தபோது பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இரயில் நிலையத்திலிருந்து ஆலயத்துக்கு எந்த வழியாகப் போவார்கள், திருவிழாவன்று கொடி எங்கே பறந்தது என்பதெல்லாம் அப்படிப்பட்டவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களோடு அந்த ஊரும் போய்விடும்.

இயேசு ஆண்டவர் சொன்ன உவமைகளை எண்ணிப் பாருங்கள். விதைப்பவர், கடுகு விதை, கடலில் வீசிய வலை, அத்திமரத்தின் இளந்தளிர் எல்லாம் கலிலேயா மண்ணில் அவர் கண்டவை. தம் ஊரை உற்றுப் பார்த்தவர், அதைக் கொண்டே விண்ணரசை விளக்கினார்.

எனவே, அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு சிறு முயற்சி செய்வோம். தாள், பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று அரைமணி நேரம் பார்க்கச் சொல்வோம். பழைய தனுஷ்கோடியை அறிந்த பெரியவர் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். பிறகு வரையட்டும். அந்தப் படத்தில் மலை இருக்காது. நம் ஊர் இருக்கும்.