கை மேல் கை
சிறுகதை வாசல் – 9

யானையைத் தடவிப் பார்த்தவர்களின் கதை நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். பாலி மொழியில் உள்ள 'உதானம்' என்னும் பௌத்த நூலில் அது இருக்கிறது. சாவத்தி நகரத்து அரசன் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களை ஒன்றுதிரட்டச் சொல்கிறான். ஒருவருக்கு யானையின் தலை, ஒருவருக்குக் காது, ஒருவருக்குத் தந்தம் என்று தொட்டுக்காட்டப்படுகிறது. யானை எப்படியிருக்கும் என்று அரசன் கேட்க, ஆளுக்கொன்று சொல்லிக் கடைசியில் குத்துச்சண்டையே மூள்கிறது. அரசன் அதைப் பார்த்து மகிழ்கிறான். சமயவாதிகளின் வாய்ச்சண்டையைச் சுட்டிக்காட்டத்தான் புத்தர் இதைச் சொன்னார். ஆனாலும் கதையாகப் படிக்கும்போது அந்த அரசனின் மகிழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. யானையை முழுதாகப் பார்க்க முடிந்தவன் அவன். யாருடைய கையையாவது பிடித்து, காதிலிருந்து தந்தத்துக்கு நகர்த்தியிருக்கலாம். செய்யவில்லை.

சென்ற வாரம் பார்த்த எச்.ஜி. வெல்ஸின் 'பார்வையற்றவர்களின் நாடு' (1904) கதையிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். மலைப்பள்ளத்தாக்கில் தவறி விழுந்த நூன்யெஸ் தன் கண்ணை வைத்து அங்கே ராஜாவாகிவிடலாம் என்று நினைக்கிறான். அந்த மக்களோ அவன் கண்ணை நோய் என்று முடிவுகட்டி, எடுத்துவிடப் பார்க்கிறார்கள். யாரும் யாரிடமிருந்தும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ரேமண்ட் கார்வரின் 'கதீட்ரல்' 1981இல் 'தி அட்லாண்டிக்' இதழில் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பெயரில் தொகுப்பும் வெளியானது. கார்வர் குடியை விட்டது 1977இல். அதன்பின் வந்த தொகுப்பில் அவருடைய கதைகளைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் எலும்பு தெரிய வெட்டியிருந்தார். வெட்டிக் குறைக்கும் அந்த வழியில் போக வேண்டிய மட்டும் போய்விட்டதாகக் கார்வரே பின்னால் சொன்னார். 'கதீட்ரல்' அந்த இறுக்கத்திலிருந்து அவர் வெளியே வந்து எழுதிய கதை.

கதைச் சுருக்கம் மிகச் சிறியது. பெயர் சொல்லப்படாத ஓர் ஆண் கதையைச் சொல்கிறான். அவன் மனைவி பல ஆண்டுகளுக்கு முன் சியாட்டிலில் ஒரு கோடைக்காலம் முழுக்க ராபர்ட் என்ற பார்வையற்றவருக்கு அறிக்கைகள் படித்துக்காட்டும் வேலை செய்தவள். அதன்பிறகு இருவரும் ஒலிநாடாக்களில் பேசி அனுப்பிக்கொள்கிறார்கள். இப்போது மனைவியைப் பறிகொடுத்த ராபர்ட் ஒரு ராத்திரி தங்க வருகிறார். கணவனுக்கு இது பிடிக்கவில்லை. பார்வையற்றவர்களை அவன் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கிறான். அவர்கள் மெல்ல நடப்பார்கள், சிரிக்க மாட்டார்கள், தாம் விடும் புகையைத் தாமே பார்க்க முடியாது என்பதால் புகைபிடிக்க மாட்டார்கள். இவைதான் அவனிடம் இருக்கும் சரக்கு. வந்து இறங்குகிறவரோ தாடி வைத்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி இல்லை, கைத்தடி இல்லை. சிகரெட்டை அடிவரைக்கும் இழுக்கிறார். வீட்டில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் உண்டு என்றும், எப்போதும் வண்ணப் பெட்டியைத்தான் போடுவேன் என்றும் சொல்கிறார்.

இந்த ராபர்ட்டைக் கார்வர் ஞானியாக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் முதன்மையாகப் படுகிறது. புறக்கண் இல்லாதவனுக்கு அகக்கண் திறந்திருக்கும் என்ற ஏற்பாடு இலக்கியத்தில் சோஃபோக்ளிஸ் காலத்திலிருந்து ஓடிவருகிறது. கேட்க உயர்வாகத்தான் இருக்கும். ஆனால் அது பார்வையற்றவரை விளக்காக நிறுத்திவைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் மற்றவர்கள் வழி தேடுகிற ஏற்பாடு. விளக்குக்குப் பசிக்காது. ராபர்ட்டுக்குப் பசிக்கிறது, மூன்று பேரும் மேசையைக் காலிசெய்யும் அளவுக்குச் சாப்பிடுகிறார்கள். அவர் சில்லறை வியாபாரம் பார்த்தவர், வானொலிக் கருவி வைத்து ஊர் ஊராகப் பேசுகிறவர். புதிதாக எது கிடைத்தாலும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

இரவு வெகுநேரமாகிறது. மனைவி சோபாவில் தூங்கிவிடுகிறாள். தொலைக்காட்சியில் ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களைக் காட்டுகிறார்கள். கதீட்ரல் எப்படியிருக்கும் என்று இவருக்குத் தெரியுமா என்ற கேள்வி திடீரென்று கணவனுக்கு எழுகிறது. ராபர்ட் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்: நூற்றுக்கணக்கான ஆட்கள், ஐம்பது அல்லது நூறு ஆண்டு உழைப்பு, கட்டத் தொடங்கியவர்கள் கட்டி முடிந்ததைப் பார்க்காமலே போய்விடுவார்கள். அதையும் சற்றுமுன் தொலைக்காட்சி அறிவிப்பாளர் சொல்லித்தான் கேட்டதாக ஒப்புக்கொள்கிறார். நீ சொல் என்கிறார். இவன் முயல்கிறான். உயரமாக இருக்கும், பெரிதாக இருக்கும், கல்லால் கட்டியிருப்பார்கள். அதற்குமேல் ஓடவில்லை. கண்ணெதிரே படம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாயில் சொல் வரவில்லை. கதீட்ரல் தனக்கு ஒன்றுமேயில்லை, ராத்திரியில் டிவியில் பார்க்கிற ஏதோ ஒன்று என்று கடைசியில் சொல்லிவிடுகிறான். அந்த வீட்டில் அன்றிரவு அவன் சொன்ன முதல் உண்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ராபர்ட் கனமான காகிதமும் பேனாவும் கேட்கிறார். கிடைப்பது வெங்காயத் தோல் ஒட்டியிருக்கும் கடைப்பை. கார்வரின் மேதைமை இப்படிப்பட்ட பொருள்களில் இருக்கிறது. தடித்த தாளில் பேனாவை அழுத்தி இழுத்தால் தடம் விழும். விரல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். வரைகிறவன் கையின் மேல் ராபர்ட் தன் கையை வைக்கிறார். முதலில் வீடு மாதிரி ஒரு பெட்டி, அப்புறம் கூரை, கோபுரங்கள், வளைந்த சன்னல்கள், முட்டுச்சுவர்கள், பெரிய கதவுகள். ஆட்களையும் போடச் சொல்கிறார் ராபர்ட். கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொல்கிறார். முடிந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னாலும் இவன் திறக்கவில்லை.

இந்த முடிவை "கண்ணிருந்தும் குருடனாக இருந்தவன் பார்வை பெற்றான்" என்று விளக்கிக் கட்டுரையை முடித்துவிடுவது வழக்கம். என்னால் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தக் கதையை அவன் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்கிறான். அப்படியும் ஆரம்பப் பக்கங்களில் அதே எரிச்சல், அதே கொச்சையான ஏளனம். ராபர்ட்டின் மனைவியைப் பற்றி, கணவன் கண்ணால் பார்த்தே இராத பெண் என்று பரிதாபப்பட்டுக்கொள்கிறான். ஒரு மெக்சிகோ நாணயத்தை இரண்டாக்கி, பாதியை அவளோடு சவப்பெட்டியில் வைத்ததும் அவனுக்கு அசட்டுத்தனமாகப் படுகிறது. அந்த இரவு அவனை மாற்றியிருந்தால் இந்தக் குரலும் மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை என்பது கார்வரின் கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை. ஓர் இரவில் மனிதன் வேறு ஆளாகிவிடுவதில்லை என்று தெரிந்தவர் அவர். அவனுக்கு நடந்தது நடந்ததுதான். அதை என்ன செய்வது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தன் பழைய அசட்டுத்தனங்களை மறைக்காமல் சொல்கிற அளவுக்கு மட்டும் வந்திருக்கிறான்.

அந்த மனைவியையும் மறந்துவிடக் கூடாது. ராபர்ட்டோடு உண்மையான நட்பு அவளுக்குத்தான். முக்கியமான நேரத்தில் அவள் தூங்குகிறாள். விழித்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் கணவன் பதில்கூடச் சொல்வதில்லை. கார்வரின் துணைவியான கவிஞர் டெஸ் காலஹரின் நண்பர் ஒருவர், பார்வையற்றவர், அவர்கள் வீட்டுக்கு வந்து போனதுதான் இந்தக் கதைக்கு வித்து. அதே வருகையை வைத்து காலஹர் பின்னால் தன் பக்கத்திலிருந்து ஒரு சிறுகதை எழுதினார். தூங்கவைக்கப்பட்டவள் எழுந்து பேசிவிட்டாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

கார்வருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே டி.எச். லாரன்ஸ் 'பார்வையற்றவன்' என்ற கதையில் கிட்டத்தட்ட இதே மூவரை ஒரு வீட்டில் கூட்டியிருந்தார். மாரிஸ் முதல் உலகப்போரில், ஃப்ளாண்டர்ஸில் கண்ணிழந்தவன். மனைவி இசபெல். அவளுடைய நண்பன், வழக்கறிஞன் பெர்ட்டி. தொழுவத்தில் மாரிஸ் பெர்ட்டியின் தலையையும் முகத்தையும் தடவிப் பார்க்கிறான். பிறகு அவன் விரல்களைத் தன் கண்குழியின் மேலும் தழும்பின் மேலும் வைத்து அழுத்திக்கொள்கிறான். மாரிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது, நண்பன் கிடைத்துவிட்டான் என்று பூரிக்கிறான். பெர்ட்டியோ உள்ளே நொறுங்கிப் போயிருக்கிறான். அங்கிருந்து எப்போது தப்பிப்போம் என்பது ஒன்றுதான் அவன் எண்ணம்.

கார்வரின் கணவனும் பெர்ட்டியின் சாதிதான். நெருக்கம் என்றால் ஒதுங்குகிறவன். சியாட்டிலில் கடைசி நாளன்று ராபர்ட் அவன் மனைவியின் முகத்தை விரல்களால் தொட்டுப் பார்த்தார், அவள் அதைக் கவிதையாகவே எழுதினாள். அந்த விரல்கள்மேல் அவனுக்கு இத்தனை நாளும் பொறாமை. இவனிடமும் ராபர்ட் முகத்தைக் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பான். அவர் காகிதம் கேட்டார். இருவருக்கும் நடுவே செய்வதற்கு ஒரு வேலை வந்தது, கைகள் அதில் கலந்தன. மாரிஸுக்கும் பெர்ட்டிக்கும் நடுவே அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போவோம். தனிஸாகி 1933இல் எழுதிய ஷுன்கின் கதையில், பார்வையற்ற இசை ஆசிரியைக்குத் தொண்டு செய்யும் மாணவன் ஊசியை எடுத்துத் தன் கண்களிலேயே குத்திக்கொள்கிறான். கண்ணை மூடிக்கொள்வதற்கும் அழித்துக்கொள்வதற்கும் நடுவே உள்ள தூரத்தை அங்கே பேச வேண்டியிருக்கும்.

(தொடரும்)