மணலுக்குள் ஓடும் ஆறு

சோழவளநாடு என்றதும் பச்சை வயலும் கரை தழுவும் வாய்க்காலும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், ஆண்டின் சில திங்கள் இந்நாட்டின் நடுவிலும் ஒரு பாலை விரிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகச் சனவரி 28ஆம் நாள் மூடப்பட்டு, சூன் 12ஆம் நாள் திறக்கப்படும். இடைப்பட்ட கோடையில் காவிரியும் கொள்ளிடமும் பெரிதும் மணற்பரப்பாகவே காட்சி தரும். அம்மணலில் சிறிது தொலைவு நடந்து நாம் கண்டதையும் அறிந்ததையும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

கொள்ளிடத்தில் ஒரு காலை

சித்திரைத் திங்களில் ஒருநாள், மாணவர் சிலருடன் திருமானூர்ப் பாலத்தருகே கொள்ளிடத்தில் இறங்கினோம். அரைமணி நேர நடைதான். எனினும் ஒவ்வோர் அடிக்கும் மணல் காலை உள்வாங்கியது. நாணற்புதர்களைக் கடந்ததும், மணல் சற்றே கறுத்திருந்த ஒரு தாழ்விடத்தில் முதிய அம்மையார் ஒருவர் ஊற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம் தோண்டியதும் குழியின் ஓரங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியது. முதலில் சேர்ந்த கலங்கல் நீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆர்வ மிகுதியால் கைவிட்ட மாணவரிடம், "அவசரப்பட்டா கலங்கிடும் தம்பி, தானா தெளியட்டும்" என்றார். சிறிது நேரத்தில் தெளிந்த நீர் நிறைந்தது. அள்ளிப் பருகினோம், குளிர்ந்திருந்தது.

நீர் எங்கிருந்து வருகிறது?

பருமணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளியே. வெள்ளக் காலத்தில் அவ்விடைவெளிகளில் புகுந்த நீர், மேலோட்டம் நின்றபின்பும் மணலுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. உலர்ந்த மேல்மணல் போர்வையாக அமைந்து, கதிரவன் அதனைக் குடித்துவிடாமல் காக்கிறது. மணலே வடிகட்டியாகவும் அமைகிறது. தஞ்சை நகருக்கும் வேதாரண்யம் கடற்கரை ஊர்களுக்கும் குழாய்வழிக் குடிநீர் தருவதில் கொள்ளிடத்திற்குப் பெரும் பங்குண்டு. அம்மையாரின் ஊற்றுக்குழியும் ஆற்று மணலில் இறக்கப்படும் பெருங்கிணறும் ஒரே இயற்கை நெறியில் அமைந்தவை.

அரபு நாட்டு வறண்ட பள்ளத்தாக்குகளிலும் இந்நெறியைக் காண்கிறோம். மழைநாளில் மட்டும் வெள்ளம் பாயும் அவற்றை அரபியில் 'வாதி' என்பர். மக்கா நகரின் ஜம்ஜம் கிணறு அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்ததே. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுள்ள அதன் மேற்பகுதி மணல் கலந்த வண்டலிலும் கீழ்ப்பகுதி பாறையிலும் உள்ளன. இலட்சக்கணக்கான மக்கள் பருகும் அக்கிணற்றின் நீர்மட்டத்தைச் சவூதி நிலவியல் துறையினர் இடைவிடாது கண்காணித்து, இறைக்கும் அளவையும் நெறிப்படுத்துகின்றனர். ஊறும் நீருக்கும் ஓர் அளவுண்டு என்பதைப் பாலை நாட்டார் அறிவர்.

நாம் அறிந்தோமா?

மணலைக் கட்டடப் பொருளாக மட்டுமே கருதும் மனப்போக்கு நம்மிடையே வளர்ந்துவிட்டது. மணலை அள்ளுவோர் அது தாங்கிநிற்கும் நீரின் இருப்பிடத்தையே அள்ளுகின்றனர். ஆற்றின் அடித்தளம் தாழத் தாழக் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். கடல்முகத்திற்கு அருகில் உவர்நீர் உட்புகும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே இழந்த மணலை ஆறு விரைவில் ஈடு செய்யும் என எண்ணுதல் தவறு. சிறு பரப்பில் மணல் அள்ளவும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரி 27இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் காவல் நிற்கலாம். ஆயின் ஊரார் விழித்திராவிடில் அக்காவல் நிலைக்காது.

கற்றலுக்கு உவமை தேடிய வள்ளுவர் மணற்கேணியைத் தேர்ந்தார். அவ்வுவமையை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் விளக்குகிறோம். திரும்பும் வழியில் மாணவர் ஒருவர், "ஐயா, மணலே இல்லாத ஆற்றில் இக்குறளை எப்படி விளக்குவது?" என்று வினவினார். நம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவைப் பெரியோர் முன்னிலையிலும் மாணவர் முன்னிலையிலும் பணிவுடன் வைக்கின்றோம்.