நாக்கு படிக்கும் பாடம்

எட்டு மாதக் குழந்தையிடம் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தால் அது நேரே வாய்க்குத்தான் போகும். நாம் பதறிப்போய்ப் பிடுங்குகிறோம். உடம்பில் தொடுவுணர்வு மிகக் கூர்மையான இடங்கள் உதடும் நாக்கு நுனியும். விரல்கள் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் வயதில், பொருளை ஆராயக் குழந்தைக்கு வாய்தான் கைகொடுக்கிறது.

டம்ளரோடு ஒரு பருப்பு மத்தையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருந்தவை. ஆனாலும் டம்ளர் நாக்கில் சில்லென்று படும். மத்து அப்படிப் படாது. எஃகு நாக்கின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாகத்தான் இழுக்கிறது. பள்ளியில் பின்னால் படிக்கப்போகும் வெப்பக் கடத்தலைக் குழந்தை இப்போதே ருசி பார்த்துவிடுகிறது. பிறகு கை மாற்றும், தரையில் தட்டும், சத்தம் கேட்டு ஒரு கணம் நிற்கும், மறுபடி தட்டும். அந்த இரண்டாவது தட்டு சோதனை என்றே நினைக்கிறேன்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் குழந்தை இல்லங்களில் வேலை பார்த்தவர். உட்காரத் தெரிந்து, தவழத் தொடங்காத குழந்தைகளுக்காக அவர் வடிவமைத்தது ஒரு கூடை. கைப்பிடி இல்லாமல், அடி தட்டையாக, குழந்தை சாய்ந்தாலும் கவிழாதபடி இருக்கும். உள்ளே மரம், உலோகம், தோல், துணி, தூரிகை என்று வீட்டுப் பொருள்கள். பிளாஸ்டிக் மட்டும் கிடையாது. கடை பொம்மைகள் கண்ணுக்கு நூறு நிறம் காட்டினாலும் பெரும்பாலும் ஒரே வழவழப்பு, ஒரே லேசான எடை. நாக்குக்கு அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கூடையில் மத்தும் டம்ளரும், சிராய் போகத் தேய்த்த கொட்டாங்கச்சியும், பனையோலைக் கிலுகிலுப்பையும் தாராளமாக இடம்பெறலாம்.

நடக்கத் தொடங்கியதும் ஆசை மாறுகிறது. போடுவது, எடுப்பது, கொட்டுவது. அப்போது வேண்டியவை டப்பாக்கள், வளையங்கள், அட்டைக் குழாய்கள். அதிலும் ஒரே பொருள் பல எண்ணிக்கையில். ஒன்றரை வயதில் பகிர்ந்துகொள் என்றால் புரியாது; ஒரே மாதிரி ஆறு டப்பா இருந்தால் பாதிச் சண்டை வராது. அதற்காக அறை முழுக்கச் சாமான் பரப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 36 குழந்தைகள் ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடினார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். மீதியை அலமாரியில் வைத்து மாற்றி மாற்றி எடுப்பதே நல்லது.

பாதுகாப்பில் மட்டும் தளர்வே கூடாது. ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள் அடங்கிவிடும் பொருளை மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் தரக்கூடாது என்பது அமெரிக்க அளவுகோல். பட்டன் பேட்டரி அறைக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டே மணி நேரத்தில் அரித்துவிடக்கூடும். வாயில் போனதையெல்லாம் தினமும் கழுவ வேண்டும். கழுவ முடியாதது கூடைக்கு ஆகாது.

இந்தியாவில் 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. அப்படி அமையும் அறைகளில் பல, சுவரில் கார்ட்டூன் வரைந்ததோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம். சுவரை நக்கிப் பார்க்க முடியாதே.

கோல்ட்ஷ்மீட் இன்னொன்றும் வற்புறுத்தினார். கூடையின் அருகே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்காமல், பேசிக் கலைக்காமல், பார்த்துக்கொண்டு மட்டும். அவர் இருக்கும் தைரியத்தில்தான் குழந்தை புதுப் பொருளைத் தொடுகிறது. ஆகவே சாமான் பட்டியல் போடும்போது, ஆயாவோ ஆசிரியையோ முதுகு வலிக்காமல் சாய்ந்து உட்கார ஒரு தாழ்வான நாற்காலியையும் அதில் எழுதிக்கொள்ள வேண்டும்.