பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள்

அடி அண்ணாமலை போன்ற ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் மறுநாளே கலைந்துவிடும். ஊர்ப்பேச்சு அப்படிக் கலையாது. ஒரு குழந்தையைப் பார்த்துச் சந்தேகம் வரும்போது, "நம்மால ஒரு குடும்பத்துக்குக் கெட்ட பேரு வந்துடுமோ?" என்று கிராம சுகாதார செவிலியரான நீங்கள் தயங்குவது இதனால்தான்.

ஆனால் போக்சோ சட்டம், 2012 அந்தத் தயக்கத்துக்கு இடம் தரவில்லை. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்கு வராது. நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை.

சரி, பதிவேட்டில் என்ன எழுதுவது? குழந்தையின் வார்த்தைகளை. "அந்த மாமா இங்க கிள்ளினாரு" என்றால் அதையே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "பாலியல் தொல்லை" என்று நீங்களாக மாற்றினால், பிள்ளை சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். சொன்னது பிள்ளையா, அம்மாவா என்பதும் தெரிய வேண்டும். தேதி, நேரம், காயத்தின் இடம், அளவு, நிறம், கடைசியில் உங்கள் கையெழுத்து. துருவித் துருவிக் கேட்காதீர்கள், "அவர்தானே செஞ்சாரு?" என்று வார்த்தையை வாயில் போடவே கூடாது. சந்தேகப்படும் ஆளிடம் நீங்களே போய் விசாரிப்பதும் ஆபத்து. அவர் அதே வீட்டில் இருக்கலாம்.

மருத்துவர்களுக்கு: காயம் இல்லை என்பதால் குற்றம் நடக்கவில்லை என்று எழுத முடியாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. இருவிரல் பரிசோதனை செய்வது நடத்தை விதி மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறிவிட்டது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். "முதல்ல போலீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2020 போக்சோ விதிகளின்படி அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் நிபந்தனை இல்லை.

எழுதிய பதிவேடு மேசை மேல் திறந்து கிடக்க வேண்டாம். பெயரோ போட்டோவோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது, அது துறைக் குழுவாக இருந்தாலும் சரி.

அடி, சூடு, பட்டினி போன்ற கொடுமைகளுக்கும் இதே மாதிரி குறித்துக்கொண்டு 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.