பாட்டி எந்த ஊர்?

உங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்து நடுக்கள வீரர் டெக்லன் ரைஸ் அயர்லாந்து ஜெர்சியிலும் ஆடியவர். 2018-ல் மூன்று ஆட்டங்கள், மூன்றும் நட்பு ஆட்டங்கள். லண்டனில் பிறந்த பையன். தாத்தா பாட்டி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக்காரர்கள். 2019 பிப்ரவரியில் "இனி இங்கிலாந்துதான்" என்று அறிவித்தார். அயர்லாந்து ரசிகர்களுக்கு இன்றுவரை அது ஆறாத புண்.

2023 ஜூலையில் அதே ரைஸை வெஸ்ட் ஹாமிடமிருந்து ஆர்சனல் வாங்கியது. விலை 10 கோடி பவுண்டு, அதற்கு மேல் 50 லட்சம் வரை கொசுறு. அப்போது ஆர்சனல் ரசிகர்கள் பேசியதெல்லாம் விலையைப் பற்றித்தான்: "இது கொஞ்சம் ஜாஸ்தியோ?" பாட்டி எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளப் ஜெர்சிக்கு விலை விசாரிக்கிற அதே ரசிகர், நாட்டு ஜெர்சி என்றதும் வம்சம் விசாரிக்கிறார். இந்த வாரத் துணுக்குகள் அந்த விசாரணையைப் பற்றி.

*

அயர்லாந்து கதை அங்கேயே முடியவில்லை. 2024 செப்டம்பர் 7, டப்ளின். அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஆடுகிறது. 11-வது நிமிடத்தில் முதல் கோல் போட்டவர் யார்? ரைஸ். 26-வது நிமிடத்தில் இரண்டாவது கோல் போட்டவர் யார்? ஜாக் கிரீலிஷ். அவரும் அயர்லாந்தின் இளையோர் அணிகளில் வளர்ந்து இங்கிலாந்துக்குப் போனவர்தான். பந்தைத் தொடும்போதெல்லாம் இருவரையும் கூச்சல் போட்டு விரட்டிய கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு ஸ்கோர்போர்டு! சினிமாவில் வைத்தால் "ஓவர்" என்போம்.

ரைஸ் கோலைக் கொண்டாடவில்லை. காலமாகிவிட்ட தாத்தா பாட்டிக்கு அது மரியாதையாக இருக்காது என்று பிறகு சொன்னார்.

அன்று இங்கிலாந்தின் தற்காலிகப் பயிற்சியாளர் லீ கார்ஸ்லி. பர்மிங்ஹாமில் பிறந்து, அயர்லாந்துக்காக 40 ஆட்டங்கள் ஆடியவர். ஆட்டத்துக்கு முன் இங்கிலாந்தின் தேசிய கீதத்தைத் தான் பாடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். பத்திரிகைகள் குதித்தன. அவர் சொன்ன காரணமோ சப்பென்று இருந்தது: ஆடிய காலத்தில் அயர்லாந்தின் கீதத்தையும் பாடியதில்லையாம், அந்த நேரத்தில் மனசு ஆட்டத்தில்தான் இருக்குமாம். பாடாத வாய்க்குத் துரோகி பட்டம் கொடுப்பது எல்லா நாட்டிலும் சுலபமான வேலை.

*

பாட்டி வழியில் ஆள் பிடிப்பதைக் கலையாகவே வளர்த்தது அயர்லாந்துதான். 1986 முதல் பத்து ஆண்டுகள் அதன் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், இங்கிலாந்துக்கு 1966 உலகக் கோப்பையை வென்று தந்த அணியில் ஆடியவர். இங்கிலாந்தில் பிறந்த ஐரிஷ் பேரன்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து காலிறுதிக்கே போய்விட்டது.

அந்தப் பேரன்களில் ஒருவர் டோனி காஸ்கரினோ. பெயரே இத்தாலி. அம்மா வழித் தாத்தா ஐரிஷ் என்பதுதான் அவருடைய தகுதி. 1996-ல் அவருடைய அம்மா மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார்: "நான் அந்தத் தாத்தாவின் தத்துப் பிள்ளை." அதாவது ரத்த வழியில் அயர்லாந்து இல்லை. காஸ்கரினோ வாயை மூடிக்கொண்டு தொடர்ந்து ஆடினார். மொத்தம் 88 ஆட்டங்கள். ஓய்வுபெற்றபின், 2000-ல் வந்த சுயசரிதையில்தான் உடைத்தார்.

வளர்த்தவர் தாத்தா இல்லையென்றால் வேறு யார் தாத்தா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

*

ஒரே ஆள், இரண்டு நாடுகள், இரண்டு உலகக் கோப்பை இறுதியாட்டங்கள். லூயிஸ் மோன்ட்டி 1930-ல் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார். 1934-ல் இத்தாலிக்கு ஆடி வென்றார். வேறு எவருக்கும் இது வாய்க்கவில்லை. முதல் முறை ஜெயித்தால் கொல்வேன் என்றும், இரண்டாம் முறை தோற்றால் கொல்வேன் என்றும் மிரட்டல் வந்ததாக ஒரு கதை உண்டு. நல்ல வேளை, இரண்டு முறையும் முடிவு மிரட்டியவர்கள் கேட்டபடியே அமைந்தது.

*

நாடு மாறுவது ஒரு வம்பு என்றால், கிளப் மாறும்போது மதம் குறுக்கே வந்தால்?

கிளாஸ்கோ நகரில் செல்டிக் கத்தோலிக்கர்களின் கிளப், ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட்டுகளின் கிளப் என்பது பழைய கோடு. 1989 மே மாதம் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டன், பழைய கிளப்பான செல்டிக்குக்குத் திரும்புவதாகச் சொல்லி அதன் ஜெர்சியோடு படமெடுத்துக்கொண்டார். ஜூலையில் ரேஞ்சர்ஸில் கையெழுத்துப் போட்டார்! செல்டிக் ரசிகர்களுக்கு அவர் துரோகி. ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் ஒரு சாராருக்கு அவர் தீட்டு. மைதானத்துக்கு வெளியே ரேஞ்சர்ஸ் கழுத்துத்துணிகளைக் கொளுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஜான்ஸ்டன் வெற்றி கோல் போட்டார். அதற்குப் பிறகு துணி கொளுத்திய செய்தி வரவில்லை.

*

இனி மெசுட் ஓசில். இதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷன் நகரில் 1988-ல் துருக்கி வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனி அணிக்கு ஆடுவதென்று முடிவெடுத்துத் துருக்கிக் குடியுரிமையை விட்டார். 2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதின. கூடியிருந்த துருக்கியர்கள் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் விசிலடித்தார்கள். ஓசில் ஒரு கோல் போட்டார், கொண்டாடவில்லை. (ரைஸ் நினைவுக்கு வருகிறாரா?) ஆட்டம் முடிந்ததும் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கெல் உடை மாற்றும் அறைக்கே போய்க் கைகொடுத்த படம் உலகம் சுற்றியது. அடுத்த மாதம் ஜெர்மனியின் பெரிய ஊடக விருதான 'பாம்பி', "ஒருங்கிணைப்புக்காக" அவருக்குக் கிடைத்தது. 22 வயதுப் பையன் பாடப்புத்தக உதாரணமாகிவிட்டான்.

2013 செப்டம்பர் 2, டிரான்ஸ்ஃபர் சீசனின் கடைசி நாள். ரியல் மாட்ரிட்டிலிருந்து 4.25 கோடி பவுண்டுக்கு அவரை ஆர்சனல் வாங்கியது. அன்றைய தேதியில் கிளப்பின் சாதனை விலை. ஆண்டுக்கணக்கில் கஞ்சத்தனம் என்று புலம்பிய ரசிகர்கள் இரவில் மைதான வாசலில் கூடிக் கூத்தாடினார்கள். துருக்கியா ஜெர்மனியா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

2014-ல் உலகக் கோப்பை வென்றார். 2018 மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்துவானுடன் ஒரு படம். கூடவே ஜெர்மனி அணியின் இல்கே குண்டோகன். அவர் கொடுத்த ஜெர்சியில் "என் மதிப்புக்குரிய அதிபருக்கு" என்று துருக்கி மொழியில் எழுதியிருந்தார். அழைப்பு வந்தும் போகாமலிருந்தவர் அதே அணியின் எம்ரே ஜான். துருக்கியில் தேர்தல் நெருங்கிய நேரம் அது. ஜெர்மனி கொதித்தது. அடுத்த மாதம் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்று ஜெர்மனி முதல் சுற்றிலேயே வீடு திரும்பியதும், தோல்விக்கு முகம் தேடியவர்களுக்கு அந்தப் படம் தயாராக இருந்தது. ஜூலை 22 அன்று ஓசில் மூன்று பகுதிகளாக நீண்ட அறிக்கை விட்டு, 92 ஆட்டங்களோடு நாட்டு அணியை விட்டார். ஜெயித்தால் தன்னை ஜெர்மானியர் என்கிறார்கள், தோற்றால் வந்தேறி என்கிறார்கள் என்பது அதன் சாரம்.

அந்தப் படம் எடுத்துக்கொண்டது சரியா? என் கருத்தில் தவறு. தேர்தல் நேரத்தில் ஓர் அதிபர் பக்கத்தில் நின்றுவிட்டு "இதில் அரசியல் இல்லை" என்று சொன்னால் எப்படி? அடுத்த ஆண்டு அவருடைய கல்யாணத்தில் எர்துவான்தான் மாப்பிள்ளைத் தோழர் என்ற செய்தி வந்தபோது, அவருக்காக வாதாடியவர்கள்கூடக் கொஞ்சம் நெளிந்தார்கள். ஆனால் தவறு செய்த ஜெர்மானியராக அவரைப் பார்க்க முடியாமல் போனது ஏன் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஜெர்மன் கால்பந்து சங்கத்திடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

*

13 நிமிடங்கள். முனிர் எல் ஹத்தாதி 2014 செப்டம்பரில் மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்காக மாற்றாளாக இறங்கி ஆடிய நேரம். அது தகுதிச்சுற்று ஆட்டம், நட்பு ஆட்டமல்ல. அதனால் அப்பாவின் நாடான மொராக்கோவுக்கு ஆடும் கதவு சாத்திக்கொண்டது. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் 2018 உலகக் கோப்பை கைநழுவியது. 2020-ல் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது: 21 வயதுக்கு முன் மூன்று போட்டி ஆட்டங்கள் வரை ஆடியிருந்தாலும், பெரிய கோப்பைத் தொடரில் இறங்காமலிருந்து, மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தால் மாறலாம். 2021-ல் மொராக்கோ ஜெர்சி போட்டார்.

*

2013 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் 18 வயது அட்னான் யானுசாய் ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டதும், "இவனை இங்கிலாந்துக்கு ஆட வைக்கலாமா?" என்று பேச்சு கிளம்பியது. பிரஸ்ஸல்ஸில் கொசோவோ அல்பேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆர்சனலின் ஜாக் வில்ஷியர், இங்கிலாந்துக்கு ஆங்கிலேயர்கள்தான் ஆட வேண்டும் என்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடிய கெவின் பீட்டர்சன் சும்மா இருப்பாரா? சண்டைக்கு வந்தார். யானுசாய் கடைசியில் பெல்ஜியத்தைத் தேர்ந்தெடுத்தார். 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியம் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. கோல்? யானுசாய்.

*

ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின் என்று மூன்று நாட்டு ஜெர்சியிலும் ஆடினார். உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 1953-ல் அவரை பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் ஒரே நேரத்தில் வாங்கிவிட்டதாகச் சொன்னபோது, ஸ்பெயின் கால்பந்து சங்கம் சொன்ன தீர்ப்பு: ஒரு சீசன் இவர்களுக்கு, அடுத்த சீசன் அவர்களுக்கு. முறைவாசல் மாதிரி! பார்சிலோனா வெறுத்துப்போய் விலகியது. மாட்ரிட் முதல் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றது. ஐந்து இறுதியிலும் அவர் கோல் உண்டு. பார்சிலோனா ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ராத்திரிச் சாப்பாடு தாமதமாகும்.

*

மலேசிய வாசகர்களுக்குப் பழகிய விஷயம் இது. 2025 ஜூன் 10 அன்று வியட்நாமை 4-0 என்று மலேசியா வென்றபோது ஆடிய வெளிநாட்டில் பிறந்த ஏழு பேரின் தாத்தா பாட்டி பினாங்கு, மலாக்கா என்று பிறந்ததாக ஆவணம் காட்டப்பட்டது. ஃபிஃபா மூலச் சான்றிதழ்களைத் தேடி எடுத்தது. அவற்றில் இருந்த நாடுகள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து! செப்டம்பரில் மலேசியச் சங்கத்துக்கு 3.5 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் ஏழு பேருக்கும் 12 மாதத் தடையும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டையும் தள்ளியது.

இதே மலேசியா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சொந்தப் பிள்ளைகளோடு தகுதி பெற்ற நாடு. அரசாங்கம் புறக்கணித்ததால் போகவில்லை. அன்று கோல் காத்தவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். கைநீளத்துக்காக வந்த பட்டப்பெயர். அந்த அணியை நினைவூட்டும் 'ஓலா போலா' படத்தில் கோல்கீப்பர் பெயர் முத்து.

*

இந்தியாவில் பாட்டி மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் வேண்டும். 2008-ல் வந்த அரசு விதி இது. இரட்டைக் குடியுரிமையும் இங்கே கிடையாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டு 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ், அம்மா மும்பையில் பிறந்தவர், 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டார். கிளப் மாறினால் பணம் வரும். இவர்கள் விட்டுக்கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள்.

*

ஃபிஃபாவில் இடமில்லாத மக்களுக்கென்று 'கோனிஃபா' என்றொரு அமைப்பு உலகக் கோப்பை நடத்துகிறது. 2014-ல் சுவீடனிலும் 2018-ல் லண்டனிலும் அதில் தமிழீழ அணி ஆடியது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள்.

*

பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே சேர்க்கும் கிளப் அத்லெட்டிக் பில்பாவோ. பணம் கொட்டினாலும் வேற்றாளை வாங்குவதில்லை. அதன் இரண்டு நட்சத்திரங்கள் இன்யாகி வில்லியம்ஸ், தம்பி நிக்கோ. கானா நாட்டிலிருந்து சகாரா பாலைவனத்தின் ஒரு பகுதியை நடந்தே கடந்து வந்தவர்கள் அவர்களுடைய அப்பா அம்மா. மெலில்லாவில் வேலி ஏறிப் பிடிபட்டபோது, "போர் நடக்கும் லைபீரியாவிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள்" என்று ஒரு வழக்கறிஞர் யோசனை சொன்னார். அப்படிச் சொல்லித்தான் ஸ்பெயினில் தங்க முடிந்தது. அம்மா வயிற்றில் அப்போது இன்யாகி.

வளர்ந்து 2016-ல் ஸ்பெயினுக்கு ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடினார். 2022 உலகக் கோப்பையில் அண்ணன் கானா ஜெர்சியில், தம்பி ஸ்பெயின் ஜெர்சியில். 2025-ல் நிக்கோ எங்களுக்குத்தான் என்று பார்சிலோனா ரசிகர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் 2035 வரை பில்பாவோவிலேயே ஒப்பந்தம் போட்டார்.

அண்ணனுக்கு இன்யாகி என்ற பாஸ்க் பெயர் வந்தது, பில்பாவோவில் அந்தக் குடும்பத்துக்கு உதவிய ஒரு பாதிரியாரின் பெயரால்.