படித்த பாடமும் பார்க்கும் வேலையும்: கல்லூரியில் சேரும் முன் மொபைலில் ஒருமுறை சரிபாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "பி.காம். படிச்சாத்தான் பேங்க் வேலை கிடைக்கும்." "தமிழ் இலக்கியம் படிச்சா வாத்தியார் வேலையை விட்டா வேற என்ன இருக்கு?" "கம்ப்யூட்டர்னு பேர்ல வந்தா போதும், கண்ணை மூடிட்டுச் சேர்த்துடுங்க." பெரியப்பாவில் இருந்து பக்கத்து வீட்டு அண்ணன் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த மூன்றுமே சரியில்லை.

வங்கி அதிகாரி தேர்வுக்கும் எழுத்தர் தேர்வுக்கும் பி.காம். கட்டாயம் இல்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். தமிழ் இலக்கியம் படித்தவர் குரூப் 1 தேர்வு எழுதி துணை ஆட்சியர் ஆகலாம். மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. பட்டத்தின் பெயரில் கம்ப்யூட்டர் என்ற சொல் இருந்தும், அறிவிப்பில் கேட்ட பெயர் அதுவல்ல என்பதால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரலாம்.

அப்படியென்றால் கல்லூரியில் எடுக்கும் பாடத்துக்கும் பிறகு பார்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஒரே பதில் கிடையாது. வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வகை: அந்தப் படிப்பு இல்லாமல் முடியாது

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், கால்நடை மருத்துவர் போன்ற தொழில்களுக்குச் சட்டமே கல்வித் தகுதியை வகுத்து வைத்திருக்கிறது. மருந்தாளுநருக்கு 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், வழக்கறிஞருக்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், கட்டடக் கலைஞருக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் என்று தனித்தனியாக உண்டு. இங்கே திறமை மட்டும் போதாது. உரிய படிப்பை முடித்து, உரிய கவுன்சிலில் பதிவும் செய்ய வேண்டும்.

இந்த வகை வேலைதான் வேண்டும் என்றால், பிளஸ் டூவில் எடுக்கும் குரூப்பிலேயே பாதி முடிவாகிவிடும். உயிரியல் எடுக்காமல் விட்டுவிட்டு பிறகு "நர்சிங் சேரலாமா?" என்று கேட்டால் வழி ரொம்பக் குறுகிவிடும். எனவே இந்தக் கேள்வியைப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை: ஏதாவது ஒரு பட்டம் போதும்

பலரும் நினைப்பதைவிட இந்த வகை பெரியது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கான சிவில் சர்வீஸ் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2-இல் பல பதவிகள், காவல் உதவி ஆய்வாளர் தேர்வு, வங்கித் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு பட்டம் இருந்தால் போதும். வரலாறு படித்தவரும் விலங்கியல் படித்தவரும் ஒரே கேள்வித்தாளைத்தான் எழுதுகிறார்கள்.

குரூப் 4-க்குப் பட்டமே தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. தட்டச்சர் பதவிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியும் வேண்டும். அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 100 கேள்விகள் தமிழில் இருந்து வருகின்றன. "தமிழ் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எந்தப் பட்டமும் போதும் என்பதற்கு, எப்படிப் படித்தாலும் போதும் என்று அர்த்தம் இல்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பட்டம் உண்மையானதுதான், உழைத்து வாங்கியதுதான். ஆனாலும் இந்த வேலைக்கு அது ஏற்கப்படாது.

மூன்றாம் வகை: பட்டத்தின் பெயர் பொருந்த வேண்டும்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தேர்வுகளிலேயே விதி மாறும். ஐ.ஏ.எஸ். ஆக எந்தப் பட்டமும் போதும். அதே முதல்நிலைத் தேர்வை எழுதித்தான் இந்திய வனப் பணிக்கும் போக வேண்டும். ஆனால் வனப் பணிக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், வேளாண்மை, வனவியல், பொறியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு படித்தவர் மாவட்ட ஆட்சியர் ஆகலாம், ஆனால் வனப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது.

வங்கியிலும் இதே கதைதான். பொது அதிகாரி பணிக்கு எந்தப் பட்டமும் சரி. வேளாண் அலுவலர் பணிக்கு வேளாண்மை சார்ந்த நான்கு ஆண்டுப் பட்டம் வேண்டும்.

ஆசிரியர் பணியில் இது இன்னும் கறார். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் படித்திருக்க வேண்டும், பி.எட்.டும் வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, எளிதாக இருக்கும் என்று எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்கள் உண்டு. இதைத்தான் கிராஸ் மேஜர் என்பார்கள். அறிவுக்கு அது நஷ்டமில்லை. ஆனால் முதுநிலை ஆசிரியர் பணி என்று வரும்போது தகுதியில் அடிபடும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இன்று கல்லூரிகளில் புதுப்புதுப் பெயர்களில் படிப்புகள் வருகின்றன. ஒரு பெண் புதிய பெயரில் உள்ள ஒரு கணினிப் படிப்பை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடங்களில் பெரும்பகுதி பி.எஸ்சி. கணினி அறிவியலில் இருப்பவைதான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் எடுத்துவிடுகிறார். ஆனால் அறிவிப்பில் கணினி அறிவியல் என்றுதான் இருக்கிறது. இப்போது அவருடைய பட்டம் அதற்கு இணையானது என்று சொல்லும் அரசாணையை அவர்தான் காட்ட வேண்டும். அந்த அரசாணையும் தேர்வு அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே வெளியானதாக இருக்க வேண்டும். "இனிமே வாங்கித் தர்றேன்" என்றால் அந்தத் தேர்வுக்குப் பயன்படாது. மூன்று வருடப் படிப்பும் இரண்டு வருடத் தயாரிப்பும் ஒரு பெயரில் போய் நின்றுவிடும்.

சேரும் நாளில் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம் இது.

தப்பான மேஜர் எடுத்துட்டேன், இனி அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. பாதை மாறியவர்களில் உலகம் அறிந்தவர்களும் உண்டு. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தார். அமெரிக்காவில் இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் உயிரியலில் ஆர்வம் வந்து, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து அடிப்படையில் இருந்து உயிரியல் படித்தார். உயிரணுக்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். படித்தது இயற்பியல், உழைத்தது உயிரியலில், பரிசு வேதியியலுக்கு!

டாக்டர் அப்துல் கலாமும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் முதலில் படித்தது இயற்பியல். அதன் பிறகே சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு மாறினார்.

இவர்கள் இருவரிடமும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. படித்ததை விட்டுவிட்டுச் சும்மா தாவவில்லை. மாறுவதற்குத் தேவையான படிப்பை மறுபடி உட்கார்ந்து படித்தார்கள். நமக்கும் அப்படிப் பாலங்கள் நிறைய இருக்கின்றன:

- எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்று ஆண்டு சட்டப் படிப்பில் சேரலாம்.
- எம்.பி.ஏ. படிக்க எந்த இளநிலைப் பட்டமும் போதும்.
- எம்.சி.ஏ. இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. கணினி அல்லாத பட்டம் என்றால் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும்.
- சி.ஏ. படிக்க பி.காம். கட்டாயம் இல்லை. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் எடுத்திருந்தால் அடிப்படைத் தேர்வு இல்லாமலே நேரடியாகச் சேரலாம்.

இதில் சதவீதம், பிளஸ் டூ கணிதம் ஆகிய இரண்டையும் நினைவில் வையுங்கள். மேஜரைவிட இந்தச் சின்ன நிபந்தனைகள்தான் பலருக்குப் பின்னால் தடையாக வருகின்றன.

மேஜர் சொல்லாத தகுதிகள்

தனியார் வேலைகளில் நிலைமை கொஞ்சம் வேறு. முதல் வேலைக்கு நேர்காணல் வரை கூட்டிக்கொண்டு போவது பட்டம். அதற்கு மேல் உங்களால் என்ன செய்ய முடியும் என்றுதான் பார்ப்பார்கள். புவியியல் படித்தவர் கணினியில் வரைபடம் தயாரிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு தொழில். தமிழ் படித்தவர் ஆங்கிலத்தையும் வளர்த்துக்கொண்டால் மொழிபெயர்ப்பு, ஊடகம் என்று வழிகள். கணிதம் படித்தவர் தரவுகளைக் கையாளப் பழகினால் இன்னொரு தொழில். மேஜரோடு கைத்திறன் ஒன்றும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. கலை, அறிவியல், பொறியியல் என்று எந்தப் பிரிவில் படித்தாலும் உங்கள் கல்லூரி வழியாக இதில் திறன் படிப்புகள் கிடைக்கும். "கட்டாயம்னு சொல்றாங்க, முடிச்சுட்டுப் போவோம்" என்று கடனுக்குச் செய்யாதீர்கள். பட்டம் சொல்லாததைச் சொல்ல உங்களிடம் வேறு ஒன்று இருக்கட்டும்.

மொபைலில் பத்து நிமிடம்: என்னென்ன பார்க்கணும்?

1. போக நினைக்கும் வேலைக்குக் கடைசியாக வந்த அறிவிப்பை டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம் அல்லது சம்பந்தப்பட்ட அமைப்பின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கல்வித் தகுதி பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

2. அதில் உள்ள பட்டத்தின் பெயரையும், சேரப்போகும் படிப்பின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். எண்ணும் தேதியும் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

3. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

4. தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டம் கேட்கும் பணி என்றால் பள்ளியில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

5. படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையத்திலேயே செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வ பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சியும் கிடைக்கும். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

மொபைலில் பார்க்கச் சிரமமாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் உயர்கல்வி வழிகாட்டல் கேட்கலாம்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தப் படிப்பால் எந்தக் கதவு மூடும்?" என்றும் கேளுங்கள். எந்த வேலை என்று பிள்ளைக்கு இன்னும் தெரியாவிட்டால் தப்பே இல்லை, பதினேழு வயதில் யாருக்குத் தெரியும்? அப்படியானால் மனசுக்குப் பிடித்த பாடத்தை, அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தில், தெளிவான பெயருள்ள பட்டமாகப் படிக்கட்டும். பிடித்த பாடம் என்றால் மதிப்பெண் வரும். மதிப்பெண்ணும் சரியான சான்றிதழும் கையில் இருந்தால், பின்னால் மனசு மாறினாலும் போக வழி இருக்கும்.